விளையாட்டில் வரும் விவரக்குறிப்பும் நன்னூலார் சொன்ன குற்றங்களும்

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் இலக்கணம், உரை மரபு என்று ஏதாவது எழுதி வருபவன் நான். இந்த முறை வீடியோ கேம் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "நயினார், அரிசிக் கடைக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்றார். சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படித்தால் தெரியும்.

வந்தவாசிப் பக்கத்திலிருந்து பள்ளி இறுதி வகுப்போடு புறப்பட்டுப் புனேக்கு வந்தவன் நான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே அரிசி வியாபாரம். நன்னூலைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆள் வராத மத்தியான வேளைகளில் நானாகப் படித்தேன். ஆசிரியர் வைத்துப் படித்ததில்லை. ஆகவே இது புலவர் ஒருவரின் ஆராய்ச்சி அல்ல. சொல்லை நம்பிச் சரக்கு வாங்கி, சொல்லைச் சொல்லிச் சரக்கு விற்ற ஒருவனின் திறனாய்வு.

எப்படித் தொடங்கியது?

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரன், பிறந்தநாளுக்கு வந்த பணத்திலிருந்து 899 ரூபாயைப் போட்டு, கைப்பேசி விளையாட்டு ஒன்றில் ஒரு பாத்திரத்தை வாங்கினான். விளையாட்டின் பெயர் இங்கே வேண்டாம். அந்தப் பாத்திரத்தின் திறன் என்னவென்று ஒரு வரி ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். 'அருகிலுள்ள தோழர்களின் தாக்குதல் வலிமையைச் சிறிது நேரம் உயர்த்தும்' என்பது அதன் பொருள். வாங்கிய மூன்றாம் நாள் முகம் சுருங்கி என்னிடம் வந்தான்.

"தாத்தா, ஏத்தும்னு போட்டிருக்கான். ஆனா பாதி நேரம் ஏறவே மாட்டேங்குது. கேட்டு எழுதினேன். சரியாத்தான் வேலை செய்யுதுன்னு பதில் வந்துச்சு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வரியைப் படித்தேன். 'அருகில்' என்றால் எவ்வளவு தூரம்? 'உயர்த்தும்' என்றால் எவ்வளவு? 'சிறிது நேரம்' என்றால் எத்தனை நொடி? அளவு வேண்டிய மூன்று இடங்களிலும் அளவு இல்லை. பொய் என்று ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் அதை நம்பி யாரும் ஒரு முடிவுக்கு வரவும் முடியாது.

எனக்கு உடனே பழைய நினைவு ஒன்று வந்தது. கடை வைத்த புதிதில் ஓர் ஆலையிலிருந்து 'பழைய பொன்னி' என்று எழுதிய மூட்டைகள் வந்தன. நானும் அதே சொல்லைச் சொல்லி விற்றேன். வாங்கிப்போன அம்மாள்கள் மறுநாளே திரும்பி வந்தார்கள். "என்னங்க, சோறு குழைஞ்சு கூழாப் போச்சு?" என்றார்கள். ஆலைக்காரரிடம் கேட்டால், அறுத்து மூன்று மாதம் ஆகிவிட்டது, அது பழையதுதானே என்றார். அன்று முதல் என் கடையில் 'பழையது' என்ற சொல்லை எடுத்துவிட்டேன். எந்த மாதம் அறுத்த நெல் என்று சீட்டு எழுதி மூட்டையில் செருகி வைக்கிறேன். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: விவரம் சொல்லி ஒரு சரக்கை விற்றால், சரக்கு அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது தனியாக எழுதாமலே உள்ள நிபந்தனை. கைப்பேசி விளையாட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. அதன் பின்னால் இருக்கும் நியாயம் எந்தச் சரக்குக்கும் பொருந்தும் என்பது என் கட்சி.

பேரனை உட்கார வைத்து, இந்தத் துறையின் பழைய கதைகளைக் கேட்டுக் கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எழுத எழுத, 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்கு ஆகாதவை என்று வகுத்த பத்துக் குற்றங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. அவற்றில் நான்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

குன்றக் கூறல்

வேண்டியதைக் குறைத்துச் சொல்வது இக்குற்றம். இதற்கு விளையாட்டுத் துறையில் ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. இடம் இல்லை. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவியின் திரை அகலத்தில் 160 புள்ளி, உயரத்தில் 144 புள்ளி. உள்ளங்கையில் பாதிதான். 1996இல் அதற்கு வந்த போக்கிமான் விளையாட்டில், ஒவ்வொரு பிராணியும் செய்யும் வித்தைகளுக்குப் பெயர் உண்டு. விளக்கம் விளையாட்டுக்குள் கிடையாது. பெயரே விளக்கம். ஆங்கிலப் பதிப்பில் அந்தப் பெயருக்கும் 12 எழுத்துக்கு மேல் இடம் இல்லை. 'ஹை ஜம்ப் கிக்' என்ற வித்தையின் பெயரில், உயரத்தைக் குறிக்கும் 'ஹை' என்ற சொல்லை இரண்டே எழுத்தாகக் குறுக்கிப் போட்டார்கள். 2013இல் இட நெருக்கடி தீர்ந்த பிறகுதான் அதற்கு முழு எழுத்துக்கூட்டு கிடைத்தது.

ஓலையில் எழுதியவர்களுக்கும் இடம் குறைவுதான். சூத்திரம் என்ற வடிவமே சுருக்கத்துக்காக ஏற்பட்டது. சுருங்கச் சொல்லல் ஓர் அழகு என்று நன்னூலாரே சொல்கிறார். ஆனால் அதை அடுத்தே விளங்க வைத்தலையும் அழகாக வைக்கிறார். சுருக்கம் வேறு, குறை வேறு. சொல்லைக் குறைப்பது சுருக்கம். பொருளைக் குறைப்பது குற்றம். இன்றைய கைப்பேசியில் இடத்துக்குப் பஞ்சம் இல்லை. அங்கேயும் 'சிறிது', 'ஓரளவு', 'அருகில்' என்று எழுதினால், இடம் போதாமல் எழுதியதாகக் கொள்ள முடியாது.

மயங்க வைத்தல்

இப்படியா அப்படியா என்று ஐயுறும்படி சொல்வது. இதற்கு எங்கள் வியாபாரத்திலிருந்தே ஓர் உதாரணம். '20 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 10 சதவீதம்' என்று பலகை வைத்தால் மொத்தம் எவ்வளவு? முப்பது என்று நினைத்து உள்ளே வருகிறவர்கள் பலர். கல்லாவில் கிடைப்பது 28தான். நூறு எண்பதாகி, எண்பதில் பத்துச் சதவீதம் போய் 72 ஆகிறது.

விளையாட்டுகளில் இது தலைகீழாக வரும். உங்கள் அடியின் வலிமை 100. ஐம்பது சதவீதம் கூட்டும் பொருள்கள் இரண்டு கையில் இருக்கின்றன. இரண்டையும் கூட்டிப் பார்த்தால் 200. ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருக்கினால் 225. விவரக்குறிப்பில் 'கூட்டும்' என்று மட்டும் போட்டிருந்தால் எது சரி?

2013இல் வந்த 'பாத் ஆஃப் எக்ஸைல்' என்ற விளையாட்டு இதற்கு ஒரு வழி கண்டது. 'இன்க்ரீஸ்டு' என்று போட்டிருந்தால் அவ்வகை எல்லாவற்றையும் முதலில் ஒன்றாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். 'மோர்' என்று போட்டிருந்தால் தனித்தனியே பெருக்க வேண்டும். ஒரே சொல்லுக்கு என்றும் ஒரே பொருள். இலக்கணக்காரன் மெச்சத்தக்க ஒழுங்கு. ஆனால் பேச்சு வழக்கில் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் ஏறக்குறைய ஒன்றுதான். புதிதாக வருகிறவன் இரண்டையும் ஒன்றாகத்தான் படிப்பான். பொதுவழக்குச் சொல்லைக் கலைச்சொல்லாக ஆக்கினால், ஆக்கியதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'குறி' என்றால் இந்த நூலில் இது என்று எடுத்துச் சொல்லிவிட்டல்லவா இலக்கண நூல் மேலே போகிறது? 2023இல் வந்த 'டயாப்ளோ' வரிசையின் நான்காம் பாகத்தில், பெருக்கப்பட வேண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியையே போட்டுவிட்டார்கள். எளிய வழி. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

மாறுகொளக் கூறல்

முன் சொன்னதற்கு மாறாகப் பின் சொல்வது. விளையாட்டில் சொல்லுக்கும் செயலுக்கும் இந்த மாறு வருகிறது. மேலே சொன்ன 1996ஆம் ஆண்டுப் போக்கிமானில் 'ஃபோகஸ் எனர்ஜி' என்று ஒரு வித்தை. பிராணி மனத்தை ஒருமுகப்படுத்திக்கொள்ளும். அதன் பிறகு அடிக்கும் அடி, மர்மத்தில் பட்டு இருமடங்கு வலிக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு ஏற வேண்டும். அதுதான் உத்தேசம். நிரல் எழுதியவர் கை தவறிவிட்டது. நான்கால் பெருக்க வேண்டிய இடத்தில் நான்கால் வகுத்துவிட்டார்கள். வலிமை ஏறிவிட்டதாகத் திரையில் வாசகம் வரும். உள்ளே வாய்ப்பு கால்வாசியாகக் குறையும்.

எத்தனை பிள்ளைகள் அந்த வாசகத்தை நம்பித் தங்கள் முறையைச் செலவழித்திருப்பார்கள்! தோற்றால் தங்களைத்தான் நொந்துகொண்டிருப்பார்கள். எழுத்தில் வந்ததைச் சந்தேகிக்க அந்த வயதில் தோன்றாது. 1999இல் வந்த அடுத்த விளையாட்டுகளில் அதைத் திருத்திவிட்டார்கள்.

நின்று பயன் இன்மை

சொல் நிற்கும், அதனால் பயன் ஒன்றும் இராது. இதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது. 1994இல் ஜப்பானில் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டஸி' ஆறாம் பாகத்தில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தப்பிக்கும் திறன் என்று இரண்டு எண்கள் காட்டப்படும். ஒன்று கத்தி, வாள் அடிக்கு. மற்றொன்று மந்திர அடிக்கு. நிரலில் நேர்ந்த பிழையால் இரண்டு வகை அடிக்கும் மந்திர எண்ணையே கணக்கில் எடுத்தார்கள். முதல் எண் திரையில் கம்பீரமாக நிற்கும். அது பத்தானாலும் எண்பதானாலும் ஒன்றுதான். அந்த எண் உயரட்டும் என்று கேடயம் தேர்ந்து வாங்கியவன் கதி என்ன? 2006இல் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்கு வந்த பதிப்பில்தான் இது நேரானது. பன்னிரண்டு ஆண்டுகள்!

தராசு சாய்ந்த கதை

இவை தெரியாமல் நேர்ந்த பிழைகள். தெரிந்தே எண்ணை மாற்றிக் காட்டிய கதையும் உண்டு. 'ஃபயர் எம்பளம்' என்பது சதுரங்கம் போல முறை வைத்து ஆடும் ஜப்பானிய போர் விளையாட்டு. அடி படும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று முன்னாலேயே காட்டிவிடும். 2002இல் வந்த பாகத்தில் கணக்கை மாற்றினார்கள். குலுக்கலில் ஓர் எண்ணுக்குப் பதில் இரண்டு எண் எடுத்து, அவற்றின் சராசரியைப் பார்த்தார்கள். விளைவு: திரையில் 90 என்று காட்டினால் உண்மையில் ஏறக்குறைய 98. திரையில் 30 என்றால் உண்மையில் 18தான்.

"இதுல என்ன தாத்தா தப்பு? தொண்ணூறுன்னா நிச்சயம் படும்னுதானே எல்லாரும் நினைக்கிறாங்க. அதுக்குத் தகுந்த மாதிரி வச்சிருக்கான்" என்றான் பேரன். பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. தொண்ணூறு என்று பார்த்துவிட்டு அடி தவறினால் மனிதனுக்குக் கோபம் வருகிறது, பத்தில் ஒன்று தவறத்தான் செய்யும் என்று மனம் ஒப்புவதில்லை. கொசுறு போடும் கடைக்காரரைப் போல அவர்கள் கொஞ்சம் கூடவே போட்டார்கள்.

ஆனால் கொசுறு தராசுக்கு வெளியே போட வேண்டியது. நிறுத்த பிறகு ஒரு பிடி கூடப் போடு, யார் வேண்டாம் என்றார்கள்? தராசையே சாய்த்து வைத்தால், கூட நிறுக்கும் தராசு இன்னொரு நாள் குறையவும் நிறுக்கும். முப்பது என்று நம்பி, வேறு வழியில்லாமல் கடைசி அம்பை விட்டவனுக்குக் கிடைத்தது பதினெட்டு. எண் என்று ஒன்றைக் காட்டினால் அது எண்ணாக இருக்க வேண்டும்.

எண்ணை நேராக்கிய நல்ல உதாரணமும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் ரயட் கேம்ஸ் நிறுவனத்தின் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டில், ஒரு திறனை ஒருமுறை பயன்படுத்தினால் மறுமுறை பயன்படுத்தச் சில நொடிகள் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைச் சதவீதக் கணக்கில் குறைக்கும் பொருள்கள் இருந்தன. பத்து நொடிக் காத்திருப்பு முதல் பத்துச் சதவீதத்தில் ஒன்பதாகும். முப்பதிலிருந்து நாற்பதுக்குப் போனால் ஏழு ஆறாகும். குறைவது இரண்டிலும் ஒரு நொடிதான். ஆனால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை அடிக்கலாம் என்று வகுத்துப் பாருங்கள். முதல் பத்தால் கிடைக்கும் லாபத்தைப் போல இருமடங்குக்கு மேல் கடைசிப் பத்தால் கிடைக்கிறது. ஒரே எண், வேறு வேறு மதிப்பு. 2020 நவம்பரில் அந்த அளவையையே மாற்றினார்கள். இப்போது அந்த எண் 100 என்றால், முன்பு ஒருமுறை செய்த நேரத்தில் இருமுறை செய்யலாம். ஒவ்வொரு பத்துக்கும் ஒரே அளவு லாபம். பழைய படியை விட்டுக் கிலோவுக்கு வந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறைபொருளும் மறைத்த பொருளும்

இங்கே ஒரு மறுப்பு எழும். எல்லாவற்றையும் விளக்கிவிட்டால் விளையாட்டில் சுவை ஏது? நியாயமான கேள்வி. 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' விளையாட்டு எதையும் நேராகச் சொல்லாது. கிடைக்கும் வாள், மோதிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வரி. அவற்றைக் கோத்துக் கதையை நாமே அறிய வேண்டும். அதை இயக்கிய ஹிடேடகா மியாசாகி, சிறுவயதில் தமக்கு முழுதும் புரியாத நூல்களைப் படித்து, புரியாத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அவர் மேல் பிரியமே வந்துவிட்டது. உரையில்லாமல் நன்னூலைத் தொட்ட காலத்தில் நானும் அப்படித்தான் நிரப்பினேன், பாதி தப்பாக.

ஆகவே மறைபொருள் எனக்குப் பகை அல்ல. கதையை மறைக்கலாம், கதவை மறைக்கலாம், எதிரியின் பலத்தை மறைக்கலாம். தேடிக் கண்டுபிடிப்பது ஆட்டத்தின் இன்பம். ஆனால் என் கையில் இருக்கும் கருவி என்ன செய்யும் என்று எனக்கே மறைத்தால், அது விலைச்சீட்டை மறைத்தது போல. நான் கொள்ளும் எல்லை இதுதான்: ஒரு வாக்கியத்தை நம்பி ஒருவன் காசையோ தன் முறையையோ செலவழிக்கிறான் என்றால், அந்த வாக்கியம் முழுமையாக இருக்க வேண்டும். செலவில்லாத இடத்தில் எவ்வளவு புதிர் வேண்டுமானாலும் போடுங்கள்.

காசு புழங்கும் இன்றைய விளையாட்டுகளில் இது மேலும் முக்கியம். சீட்டுக் குலுக்கல் போலப் பாத்திரங்களை விற்கும் முறை ஜப்பானிலிருந்து பரவியது. எந்தப் பாத்திரம் விழ எத்தனை சதவீத வாய்ப்பு என்று வெளியிட வேண்டும் எனச் சீனா 2017 மே மாதத்திலும், தன் கடை வழியே விற்பவர்களுக்கு ஆப்பிள் நிறுவனம் அதே ஆண்டு டிசம்பரிலும் விதித்தன. நல்லது. கிடைக்கும் வாய்ப்பு தெரிகிறது. கிடைத்தது என்ன செய்யும் என்பதையும் அதே கண்டிப்போடு எழுதச் சொன்னால்தான் பாதிக் கிணறு முழுக் கிணறாகும்.

உரையாசிரியர்களின் வேலை

எல்லாவற்றையும் எழுதினால் நீண்டுவிடாதா என்று கேட்கலாம். நீளும். பத்து வரி விளக்கத்தைச் சண்டை நடுவே யாரும் படிக்கமாட்டார்கள். அதற்கும் நம் மரபில் வழி உண்டு: மேலே சூத்திரம், கீழே உரை. 2013இல் வெளிவந்த 'டோட்டா 2' விளையாட்டில், ஒரு திறனின் சிறு விளக்கம் முதலில் தெரியும். விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே பார்த்தால் நுட்ப விவரங்கள் விரியும். வேண்டியவன் விரித்துக்கொள்கிறான்.

அப்படிச் செய்யாத விளையாட்டுகளுக்கு ஆடுகிறவர்களே உரையாசிரியர்கள் ஆகிவிடுகிறார்கள். நூறு முறை அடித்து, எண்ணி, அட்டவணை போட்டு, இதுதான் உண்மை என்று எழுதி வைக்கிறார்கள். சம்பளம் இல்லாத அந்த உழைப்பைக் கண்டு நான் தலை வணங்குகிறேன். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உரையாசிரியர் நூலின் ஆழத்தைக் காட்டுபவர். நூல் தவறாகச் சொன்னதைத் திருத்துவதே உரையின் முழுநேர வேலையாகிவிட்டால், குறை நூலில்தான்.

பேரனுக்கும் அதைத்தான் சொன்னேன். "நீயே அளந்து பாரேன்டா." இரண்டு மாலை செலவழித்தான். அவன் பாத்திரத்தை நடக்க வைத்துத் தூரம் எண்ணினான். கடிகாரத்தில் நொடி பார்த்தான். எண்களை என் அரிசிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினான். பிறகு இருவரும் உட்கார்ந்து அந்த விவரக்குறிப்பைத் தமிழில் எழுதினோம்: 'தன்னைச் சுற்றி ஏழு எட்டுத் தூரத்துக்குள் நிற்கும் தோழருக்கு மட்டும், எட்டு நொடி, அடிப்படைத் தாக்குதலில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டும்.' ஒரே வரி. நிறுவனம் எழுதியதைவிட ஏழெட்டுச் சொல்தான் அதிகம்.

எழுதி முடித்ததும் பேரன் அதைத் திரும்பப் படித்தான். "இதை முன்னாடியே போட்டிருந்தா நான் வாங்கியிருக்கவே மாட்டேன் தாத்தா" என்றான். அவர்கள் ஏன் அப்படிப் போடவில்லை என்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவனிடம் சொல்லவில்லை.

மாநிலம் விட்டு வந்து வாழும் நம் வீடுகளில் பிள்ளைகள் பள்ளிப் பாடத்துக்கு வெளியே கவனமாகப் படிக்கும் வாசகம் பெரும்பாலும் இந்த விவரக்குறிப்புகள்தான். 'விளையாட்டுதானே' என்று தள்ளிவிடாமல், காசு கேட்கும் வரிகளையாவது கூட உட்கார்ந்து ஒருமுறை படியுங்கள். எவ்வளவு, எத்தனை நேரம், யாருக்கு என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுங்கள். அரிசி மூட்டைக்கும் அதே மூன்று கேள்விதான். இப்போதெல்லாம் என் பேரன் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் "தாத்தா, இது குன்றக் கூறல்" என்கிறான். போன வாரம் என் கடைப் பலகையைப் பார்த்தும் சொன்னான். 'தரமான அரிசி' என்று இருபது வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மாற்றி எழுதக் கொடுத்திருக்கிறேன்.

பிழை இருப்பின் அறிந்தோர் பொறுத்தருள்க.